ஓர் அப்பளத்துக்காக நிற்கும் பந்தி

லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே சுமார் 5,570 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. அந்த இழை நேர்கோடாகவே கிடந்தாலும், ஒரு தகவல் போய்த் திரும்ப 56 மில்லிநொடி ஆகும். ஒளியை விரட்ட முடியாது, இப்படிப் போய்வரும் நடையைக் குறைக்கலாம்.

இணையப் பக்கத்தைத் திறக்கும் பழைய ஏற்பாட்டில் நடை அதிகம். உலாவியும் சர்வரும் ‘இருக்கிறாயா?’ ‘இருக்கிறேன்’ என்று டிசிபி முறைப்படி கைகுலுக்க ஒரு நடை. பூட்டுச் சாவி பேசும் டிஎல்எஸ் 1.2-க்கு இன்னும் இரண்டு. ‘பக்கத்தை அனுப்பு’ என்று கேட்பதற்கு முன்பே 168 மில்லிநொடி போய்விடும். 2018-இல் வந்த டிஎல்எஸ் 1.3 அதில் ஒரு நடையை மிச்சப்படுத்தியது.

அடுத்த சிக்கல் வரிசை. பக்கங்களைக் கேட்டுப் பெறும் முறையான எச்டிடிபியின் 1997-இல் வந்த 1.1 பதிப்பில் ஓர் இணைப்பில் ஒரு பதில் முடிந்தால்தான் அடுத்தது வரும். அதனால் உலாவிகள் ஒரே தளத்துக்கு ஆறு இணைப்புகள் வரை திறந்துவைத்துச் சமாளித்தன. கூகுளின் ஸ்பீடி சோதனையிலிருந்து பிறந்து 2015-இல் வந்த எச்டிடிபி 2, படம், எழுத்து, நிரல் எல்லாவற்றையும் ஒரே இணைப்பில் கலந்து அனுப்பியது.

ஆனால் அடியில் இருந்தது அதே டிசிபி. வழியில் ஒரு தகவல் பொட்டலம் தொலைந்தால், அது மறுபடி வந்து சேரும்வரை, அதற்குப் பின்னால் வந்துவிட்ட மற்றவற்றையும் டிசிபி உலாவிக்குக் கொடுக்காது. ஒருவர் இலைக்கு அப்பளம் வரவில்லை என்று மொத்தப் பந்தியும் கை நனைக்காமல் உட்கார்ந்திருந்த கதைதான்.

கூகுளில் ஜிம் ராஸ்கிண்ட் 2012-இல் வடிவமைத்த குயிக் என்ற முறை இந்தக் கட்டை அவிழ்த்தது. கைகுலுக்கலும் பூட்டும் ஒரே நடையில் முடியும். முன்பே பழகிய தளம் என்றால் முதல் பொட்டலத்தோடு கோரிக்கையும் கிளம்பலாம். எந்தப் படத்தின் துண்டு தொலைந்ததோ, அந்தப் படம் மட்டும் காத்திருக்கும். 2021-இல் குயிக் பொதுத் தரமானது. அதன்மேல் ஓடும் எச்டிடிபி 3, 2022-இல்.

பெரிய லாபம் கைப்பேசிக்கு. வாசலில் செருப்பை மாட்டும்போது வைஃபை விட்டுப்போய் மொபைல் டேட்டா தொற்றிக்கொள்கிறது, முகவரி மாறுகிறது. முகவரியை வைத்தே ஆளை அறியும் டிசிபிக்கு அந்த இணைப்பு செத்துவிட்டது. குயிக்கோ ஒவ்வோர் இணைப்புக்கும் தனி அடையாள எண் தருவதால், பாதியில் இருந்த பதிவிறக்கம் விட்ட இடத்திலிருந்து தொடர முடியும்.

செலவும் உண்டு. டிசிபியை இயங்குதளங்கள் பல ஆண்டுகளாகச் செதுக்கி வைத்திருக்கின்றன. குயிக் சர்வரின் செயலியைக் கூடுதலாக வேலை வாங்குகிறது. அது பயணிக்கும் யுடிபி வழியைச் சில அலுவலக நெட்வொர்க்குகள் அடைத்தும் வைத்திருக்கும். அப்போது உலாவி சத்தமில்லாமல் எச்டிடிபி 2-க்குத் திரும்பிவிடும். குரோமின் டெவலப்பர் கருவிகளில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, புரோட்டகால் என்ற பத்தியைக் காட்டச் சொன்னால், ஒரே பக்கத்தில் சில வரிகளுக்கு ‘எச்3’, சிலவற்றுக்கு ‘எச்2’ என்று இருப்பதைப் பார்க்கலாம்.