காசு விற்பவர் கைக்குக் காசு வரும் வழி

வியாபாரத்தில் இரண்டு வேலை உண்டு. ஒன்று, சரக்கை விற்பது. மற்றொன்று, விற்ற பணத்தைக் கல்லாவுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது. இவற்றில் எது கடினம் என்று கடன் நோட்டு வைத்திருக்கும் நம் மளிகைக் கடைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பணம் வந்து சேரும் வழி இன்னொருவர் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் பழங்காசு விற்கும் சிறு வியாபாரிகளின் அனுபவம் நல்ல பாடம். அதை இவ்விதழில் வணிகர்களின் பார்வைக்கு வைக்கிறோம்.

இவர்கள் பெரிய வணிகர்கள் அல்லர். வேலைக்குப் போய்க்கொண்டோ, ஓய்வு பெற்றோ, வீட்டு மேசையில் உட்கார்ந்து காசு சேர்ப்பவர்கள். 1909 முதல் 1958 வரை வெளிவந்த, கோதுமைக் கதிர் பொறித்த லிங்கன் செம்புக் காசுகள், 1964 வரை நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி கலந்து அச்சான பத்து சென்ட், கால் டாலர் நாணயங்கள் ஆகியவையே இவர்களின் சரக்கு. தம்மிடம் இரண்டாக இருப்பதில் ஒன்றை விற்று, அந்தப் பணத்தில் இல்லாததை வாங்குவார்கள். ஒரு விற்பனையில் நிற்பது சில சென்ட் அல்லது சில டாலர்தான்.

சந்தை வந்தது, தரகர் வந்தார்

1995-ல் தொடங்கிய ஈபே என்ற இணையச் சந்தை இவர்களுக்குப் பெரும் வாய்ப்பாக அமைந்தது. அதுவரை ஊர்க் கண்காட்சியிலும் நாணயக் கடையிலும் மட்டுமே விற்றவர், நாடு முழுவதும் விற்கலானார். ஆரம்பத்தில் வாங்குபவர் காசோலையோ அஞ்சல் மணியார்டரோ அனுப்புவார். காசோலை வங்கியில் தேறிய பிறகு காசைத் தபாலில் சேர்ப்பார்கள். தாமதம்தான், ஆனால் நடுவில் தரகு இல்லை.

பின்னர் பேபால் என்ற பணம் செலுத்தும் நிறுவனம் வந்தது. பணம் உடனே வந்தது. அதற்குக் கட்டணமும் வந்தது. 2002-ல் ஈபே அந்த நிறுவனத்தையே 150 கோடி டாலர் மதிப்பில் வாங்கிவிட்டது. 2008-ல் அமெரிக்க ஈபேயில் பெரும்பாலான பொருள்களுக்குக் காசோலை, மணியார்டர் இரண்டும் நிறுத்தப்பட்டன. கடை வாடகை வாங்குபவரே கல்லாவுக்கும் சொந்தக்காரர் ஆனார் என்று நாம் இதைச் சொல்லலாம்.

2015-ல் இரு நிறுவனங்களும் பிரிந்தன. 2018 ஜனவரியில், பணம் வாங்கித்தரும் பொறுப்பைத் தானே ஏற்கப்போவதாகவும், அதற்கு நெதர்லாந்து நாட்டின் ஆட்யென் என்ற நிறுவனத்தைத் துணையாகக் கொள்வதாகவும் ஈபே அறிவித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் அமெரிக்காவில் சிலரைக் கொண்டு தொடங்கி, 2021-க்குள் ஏறக்குறைய எல்லா விற்பனையாளரையும் புதிய முறைக்கு மாற்றினார்கள். ஒப்பாதவர் அங்கே சரக்கு வைக்க முடியாது.

என்ன மாறியது?

முதலாவது, பிடித்தம். முன்பு சந்தைக் கட்டணத்தை மாதக் கடைசியில் கணக்குப் பார்த்துக் கட்டினார்கள். புதிய முறையில் ஒவ்வொரு விற்பனையிலும் கட்டணம் போக மீதிதான் வங்கிக்கு வரும். நம் கமிஷன் மண்டியில் தரகும் கூலியும் பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுப்பது போல. மாதக் கடைசிவரை அந்தப் பணத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தவருக்கு அந்த வசதி போயிற்று.

இரண்டாவது, சுழற்சி. பேபால் கணக்கில் இருந்த பணத்தைக் கொண்டே அடுத்த காசை வாங்குவது சேகரிப்பாளர்களின் வழக்கம். இப்போது பணம் நேரே வங்கிக்குப் போயிற்று. வீட்டுச் செலவோடு கலந்த பணம் திரும்பக் காசுப் பெட்டிக்கு வருவது எவ்வளவு கடினம் என்று நமக்குத் தெரியும்.

மூன்றாவது, அடையாளம். வங்கிக் கணக்கையும் வரி எண்ணையும் கொடுத்தாக வேண்டும். பொழுதுபோக்காக விற்றவர் பலருக்கு இது தயக்கம் தந்தது.

கணக்கைப் பார்ப்போம்

பழைய முறையில், தனிக்கடை வைக்காத சாதாரண விற்பனையாளருக்குப் பெரும்பாலான பொருள்களில் சந்தைக் கட்டணம் நூற்றுக்கு 10. பேபாலுக்கு நூற்றுக்கு 2.9, அதோடு ஒரு விற்பனைக்கு 30 சென்ட். நூறு டாலர் விற்றால் மொத்தம் 13 டாலர் 20 சென்ட் போகும்.

மாற்றம் நடந்த நாள்களில் புதிய கட்டணம் நூற்றுக்கு 12.35, அதோடு 30 சென்ட். நூறு டாலருக்கு 12 டாலர் 65 சென்ட். பார்த்தால் குறைவுதான். ஆனால் இங்கேதான் வணிகர்கள் கவனிக்க வேண்டும். இந்தச் சதவீதம் காசின் விலைக்கு மட்டுமல்ல, தபால் செலவுக்கும், வாங்குபவரிடம் வசூலிக்கும் விற்பனை வரிக்கும் சேர்த்தே கணக்கிடப்படுகிறது.

2018 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, வெளிமாநில விற்பனைக்கும் வரி வசூலிக்க மாநிலங்களுக்கு வழி பிறந்தது. பல மாநிலங்களில் சிலவகை நாணயங்களுக்கு விலக்கு உண்டு. விலக்கு இல்லாத இடத்தில் 8 சதவீத வரி என்று வைத்துக்கொள்வோம். அப்போது 108 டாலருக்குக் கட்டணம் 13 டாலர் 64 சென்ட். சதவீதம் குறைந்தது, பிடித்தம் கூடியது! தன் கைக்கே வராத வரிப் பணத்துக்கும் விற்பவர் தரகு கொடுக்கிறார்.

சிறிய விற்பனையில் நிலை இன்னும் மோசம். ஐந்து டாலர் காசுக்கு, வரி இல்லாமலே, 92 சென்ட் போகும். ஏறத்தாழ நூற்றுக்கு 18. காரணம் அந்த நிலையான 30 சென்ட். எனவே அனுபவசாலிகள் மலிவான காசுகளை ஒவ்வொன்றாக விற்பதை விட்டு, ஐம்பது, நூறு என்று ஒரே கட்டாக விற்கிறார்கள். சில்லறையாக விற்றால் தேறாத சரக்கை மொத்தமாகத் தள்ளுவது நாம் அறிந்த வழிதானே!

வரிச் சீட்டு தந்த கலக்கம்

பணம் வாங்கித்தரும் நிறுவனம் விற்பனையாளரின் ஆண்டு வரவை 1099-கே என்ற படிவத்தில் வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். முன்பு 20,000 டாலருக்கு மேலும், 200 விற்பனைக்கு மேலும் இருந்தால்தான் இது பொருந்தும். 2021 மார்ச்சில் வந்த சட்டம் அந்த வரம்பை 600 டாலருக்குக் குறைத்தது. எதிர்ப்பு எழவே 2022-லும் 2023-லும் தள்ளிவைத்தார்கள். 2024-க்கு 5,000 டாலர் என்றார்கள். 2025 ஜூலையில் புதிய சட்டம் பழைய 20,000 டாலர், 200 விற்பனை என்ற வரம்பையே திரும்பக் கொண்டுவந்தது. சில மாநிலங்கள் தனியாகக் குறைந்த வரம்பு வைத்துள்ளன.

இந்த இழுபறியில் பயந்தவர் பலர். அந்தப் படிவத்தில் இருப்பது லாபம் அல்ல, மொத்த வரவு. 480 டாலருக்கு வாங்கிய காசை 500 டாலருக்கு விற்றால் படிவத்தில் 500 என்றே இருக்கும். லாபம் இருபதுதான், அதிலும் கட்டணம் போகும் என்று காட்ட வேண்டியது விற்றவர் பொறுப்பு. பத்தாண்டுக்கு முன் கண்காட்சியில் கைச்சீட்டு இல்லாமல் வாங்கிய காசுக்கு எதைக் காட்டுவது? ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்ற சேகரிப்புப் பொருளின் லாபத்துக்கு 28 சதவீதம் வரை வரி உண்டு என்பதால் இது சிறிய கேள்வி அல்ல. கொள்முதல் சீட்டைப் பத்திரமாக வைத்தவர் தப்பினார், வைக்காதவர் திண்டாடினார்.

நமக்கு என்ன பாடம்?

காசு விற்பவர் கதை மளிகைக்காரருக்கு எதற்கு என்று கேட்கலாம். இன்று நம் கல்லா மேல் ஸ்கேன் அட்டை நிற்கிறது. வங்கிக் கணக்கிலிருந்து நேரே வரும் யு.பி.ஐ. பணத்துக்கு 2020 ஜனவரி முதல் வணிகரிடம் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் கிரெடிட் கார்டுக்கு உண்டு. பணம் வந்ததைச் சொல்லும் பெட்டிக்கு மாத வாடகை உண்டு. நாளை எது எப்படி மாறும் என்பது நம் கையில் இல்லை.

ஆகவே மூன்று செய்தியை நினைவில் வைப்போம். சதவீதத்தை மட்டும் கேட்காமல், அது எந்தத் தொகையின் மேல் என்றும் கேட்க வேண்டும். ஒரு விற்பனைக்கு இவ்வளவு என்ற நிலையான கட்டணம் சிறிய பில்லைத்தான் முதலில் தின்னும். வரவுக் கணக்கை இயந்திரம் எழுதும், கொள்முதல் கணக்கை நாம்தான் எழுத வேண்டும்.

வசதி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அந்தக் காசுக்காரர்களிலும் பெரும்பாலோர் புதிய முறைக்குப் பழகி வியாபாரத்தைத் தொடர்ந்தார்கள். வசதிக்கு விலை எவ்வளவு என்று தெரிந்து வாங்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். எடை போட்டு விற்கும் நாம், எடை பார்க்காமல் வாங்கலாமா?