மலைநாட்டு இளைஞரும் ஊர் வளர்ச்சியும்

ஓர் ஊரை வளர்ப்பது என்றால் என்ன? சாலை அமைப்பதா? பள்ளி எழுப்புவதா? மருத்துவமனை திறப்பதா? இவை யாவும் வேண்டியவையே. ஆயினும் இவற்றையெல்லாம் பெற்ற பின்னரும் அவ்வூர் இளைஞர் மூட்டை கட்டிக்கொண்டு வெளியூருக்குப் புறப்பட்டவண்ணமே இருப்பாராயின், அங்கு வளர்ந்தது எது என்னும் வினா எழுகின்றது. இவ்வினாவுக்கு விடைகாண, அமெரிக்க ஐக்கிய நாடுகளிலுள்ள அப்பலாச்சிய மலைநாட்டின் வரலாற்றைச் சிறிது ஆராய விரும்புகிறேன். செல்வத்திற் சிறந்ததென நாம் கேள்வியுறும் அந்நாட்டினுள்ளே, வறுமைக்குப் பேர்போன நிலப்பகுதி ஒன்று இருந்ததென்பது மாணவர் பலருக்கு வியப்பளிக்கக்கூடும்.

அப்பலாச்சிய மலைத்தொடர் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக நீண்டு கிடக்கின்றது. அரசாங்கத்தின் வரையறைப்படி, நியூயார்க் மாநிலத்தின் தென்பகுதி முதல் மிசிசிப்பியின் வடபகுதி வரை 13 மாநிலங்களிற் பரவிய 423 மாவட்டங்கள் இம்மலைநாட்டைச் சேர்ந்தவை. நான் சிறப்பாகக் கூறவிருப்பது கென்டக்கி மாநிலத்தின் கிழக்குப் பகுதியைப் பற்றியே. அங்கே மலைகளுக்கிடையே ஓடும் ஓடைகளின் கரையில், குறுகிய பள்ளத்தாக்குகளிற் சிற்றூர்கள் அமைந்துள்ளன. மலையின் வயிற்றிலோ நிலக்கரி மண்டிக் கிடக்கின்றது.

நிலக்கரி இருந்தும் மக்கள் வறியவரானது ஏன்? 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், வெளியிலிருந்து வந்த தரகர்கள் மலைநாட்டு உழவர்களிடம் பத்திரம் எழுதி வாங்கினர். நிலத்தின் மேற்பரப்பு உழவனுக்கு. அடியிலுள்ள கனிப்பொருள் வாங்கியவனுக்கு. அதனை எடுப்பதற்கு வேண்டியது எதனையும் செய்யும் உரிமையும் வாங்கியவனுக்கே. ஏக்கருக்கு ஒரு டாலர்கூடப் பெறாமல் இவ்வுரிமையை விற்றோர் பலர். அந்நாளிற் கரி எடுப்பதென்றால் சுரங்கம் தோண்டுவதே. பின்னாளில் மேல்மண்ணையே வழித்தெறியும் இயந்திரங்கள் வந்தபோது, பேரன்மாரின் வயலும் தோட்டமும் பாட்டனார் இட்ட கையெழுத்துக்கு இரையாயின. சுரங்கத்தினுள்ளும் இயந்திரங்கள் புகுந்து ஆட்களின் வேலையைக் குறைத்தன. 1940 முதல் 1970 வரை 30 இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் மலைநாட்டை விட்டு வெளியேறினர். டெட்ராய்ட், சிகாகோ, சின்சினாட்டி முதலிய நகரங்கள் அவர்களுக்குப் புகலிடமாயின. 1960-இல் அங்கு வாழ்ந்தவருள் ஏறத்தாழ மூவரில் ஒருவர் வறுமையில் உழன்றார்.

இந்நிலையை மாற்ற அரசாங்கம் முன்வந்தது. 1964 ஏப்ரலிற் குடியரசுத் தலைவர் ஜான்சன் கிழக்குக் கென்டக்கிக்கு நேரில் வந்து, ஏழைக் குடும்பம் ஒன்றின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசினார். 1965 மார்ச்சில் அப்பலாச்சிய வட்டார வளர்ச்சிச் சட்டம் நிறைவேறியது. மலைகளை ஊடறுத்து நெடுஞ்சாலைகள் அமைந்தன. மருத்துவ நிலையங்களும் தொழிற்பயிற்சிப் பள்ளிகளும் எழுந்தன.

அரசாங்கத்தின் பணி இவ்வாறிருக்க, இளைஞரின் பணி எவ்வாறு தொடங்கியது என்பதைக் காண்போம். 1964-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பெரீயா கல்லூரி மாணவர் சிலர் ஹார்லன் மாவட்டத்து ஓரறைப் பள்ளிக்கூடம் ஒன்றைச் செப்பனிடச் சென்றனர். சுவர்களைச் சீர்செய்து வண்ணம் பூசினர். விரைவில் இது 'அப்பலாச்சியத் தொண்டர்கள்' என்னும் இயக்கமாக விரிந்தது. பல கல்லூரிகளின் மாணவர்கள் மலையூர்ப் பள்ளிகளைப் புதுப்பித்தனர். நூல்களைத் திரட்டி வழங்கினர்.

சுவருக்கு வண்ணம் பூசிய இளைஞரின் உள்ளத்தில் ஒரு வினா முளைத்தது. மலைமலையாய்க் கரி வெளியேறும் மாவட்டத்தில், பள்ளிச் சுவரைச் செப்பனிடவும் பணமில்லாதது ஏன்? கரிக்கு உரியவர் யார்? அவர் செலுத்தும் வரி எவ்வளவு? இவ்வினாக்கள் எழுந்ததும் தொண்டின் தன்மையே மாறியது. 1967-இல் பைக் மாவட்டத்து உழவர் ஒருவர் தம் நிலத்தை வழித்தெடுக்க வந்த புல்டோசரை மறித்து நின்றார். அயலாரும் தொண்டர்களும் அவர் பக்கம் நின்றனர். மாநில அரசாங்கம் அவ்விடத்தில் வேலையை நிறுத்தியது. ஆனால் சில நாட்களுக்குள் தொண்டர் ஒருவரும் அவரோடு வேறு சிலரும் அரசத்துரோகக் குற்றம் சாட்டப்பெற்றுச் சிறைப்பட்டனர். அடுத்த மாதமே மத்திய நீதிமன்றம் அச்சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. வண்ணத்தூரிகையை ஏந்திய கையைப் பாராட்டியவர்களே, அக்கை பத்திரத்தைப் புரட்டத் தொடங்கியதும் வெகுண்டனர் என்பதை நாம் கவனித்தல் வேண்டும். எனினும் வினா மறையவில்லை. 1988-இற் கென்டக்கி வாக்காளர்கள், நில உரிமையாளரின் இசைவின்றி மேல்மண்ணை வழித்தெடுப்பதைத் தடுக்கும் அரசியலமைப்புத் திருத்தத்தைப் பெரும்பான்மையால் நிறைவேற்றினர்.

இனி மற்றொரு செய்தி. வறுமையைப் படமெடுக்க வெளியூரார் பலர் அந்நாளில் மலைநாட்டுக்கு வந்தனர். தம் கிழிந்த ஆடையும் இடிந்த குடிலும் நாடெங்கும் காட்சிப்பொருளாவது கண்டு மலைமக்கள் நாணினர்; சிலர் சினந்தனர். 1967 செப்டம்பரில், லெட்சர் மாவட்டத்திற் படமெடுத்துக்கொண்டிருந்த கனடா நாட்டுக் கலைஞர் ஹ்யூ ஒக்கானர், குடில்களின் உரிமையாளர் ஒருவராற் சுட்டுக் கொல்லப்பட்டார். அக்கொலையை எவரும் நியாயப்படுத்த இயலாது. ஆயினும், ஒருவர் வாழ்வைப் பற்றிப் பேசும் உரிமை யாருக்கு என்னும் கேள்வியை அது கூர்மையாக்கியது.

ஈராண்டுகளுக்குப் பின், 1969-இல், அதே மாவட்டத்தின் தலைநகரான வைட்ஸ்பர்க்கில் இளைஞர்க்கான திரைப்படப் பயிற்சிக்கூடம் ஒன்று அரசாங்க உதவியுடன் தோன்றியது. தொழில் கற்றுக்கொண்டு படத்துறையில் வேலை தேடிச் செல்லட்டும் என்பதே அதன் நோக்கம். அத்துறையில் உள்ளூரில் வேலை ஏது? எனவே கற்றவர் வெளியேறியே ஆகவேண்டும். ஆனால் நிகழ்ந்தது வேறு. இளைஞர் பலர் படக்கருவியுடன் ஊரிலேயே தங்கினர். சுரங்கத் தொழிலாளர், நாட்டுப்புறக் கலைஞர், மருத்துவச்சியர் ஆகிய தம்மவரைத் தாமே படமெடுத்தனர். அக்கூடமே 'அப்பல்ஷாப்' என்னும் நிறுவனமாக வளர்ந்தது. 1985-இல் அது சமுதாய வானொலி நிலையம் ஒன்றைத் தொடங்கியது. அவ்வட்டாரச் சிறைகளில் அடைபட்டிருப்போர்க்குத் தொலைவிலுள்ள குடும்பத்தார் கூறும் செய்திகளையும் அந்நிலையம் ஒலிபரப்பி வந்திருக்கிறது. 1988-இல் தொடங்கிய அதன் பயிற்சி நிலையம், உள்ளூர் இளைஞர்க்கு ஒலிக்கருவியும் படக்கருவியும் கையாளக் கற்பித்து, தம் ஊரின் சிக்கல்களைத் தாமே ஆராயச் செய்தது. 2022 ஜூலையில் பெருவெள்ளம் புகுந்து அங்குள்ள பழைய படச்சுருள்களை நனைத்தபோது, சேறு படிந்த சுருள்களைத் தூய்மைசெய்து மீட்கும் பணி தொடங்கியது. தம் கதை தம் உடைமை என்று உணர்ந்தவரே அதற்கு இவ்வளவு பாடுபடுவர்.

இவ்வளவால் மலைநாட்டின் துயர் தீர்ந்துவிட்டதா? இல்லை. வறுமை பெரிதும் குறைந்திருக்கிறது; மூவரில் ஒருவர் என்ற நிலை மாறி, இப்போது ஏறத்தாழ எழுவரில் ஒருவரே வறியவர். ஆனாற் கரித்தொழில் மிகவும் தேய்ந்துவிட்டது. கிழக்குக் கென்டக்கியில் வேலையின்மையும் போதைமருந்தின் கொடுமையும் பல குடும்பங்களை வாட்டியிருக்கின்றன. இளைஞர் வெளியேறுவதும் நின்றபாடில்லை.

வெளியூர் செல்வதைக் குற்றமென்று நான் கூறவில்லை. செல்லவும் தங்கவும் ஒருங்கே வழியிருந்து, அவற்றுள் ஒன்றை இளைஞர் தாமே தேர்ந்துகொள்ளும் நிலையே வளர்ச்சி என்று கருதுகிறேன். அந்நிலை வருவதற்குச் சாலை மட்டும் போதாது. வந்த வழியே வெளியேறவும் சாலை உதவும். தம் ஊரின் நிலம் யாருக்குரியது, வரி எங்கே போகிறது, தம் கதையை யார் சொல்கிறார் என்று கேட்கும் துணிவையும், விடை தேடும் கருவிகளையும் இளைஞர் பெறுதல் வேண்டும். மாணவ நண்பர்களே, சமுதாயத் தொண்டுக்கென்று நீங்கள் ஒரு சிற்றூருக்குச் செல்லும் நாளில், பள்ளிச் சுவருக்கு மகிழ்ச்சியோடு வண்ணம் பூசுங்கள். பூசி முடித்தபின், அச்சுவர் அந்நிலைக்கு வந்தது ஏன் என்று அவ்வூர்ப் பெரியோரையும் கேளுங்கள். அங்குள்ள இளைஞரையும் உடன் சேர்த்துக்கொண்டு கேளுங்கள்.