மலத்தை முகரும் மின் மூக்கு

கருப்பைவாய், மலக்குடல், புராஸ்டேட் புற்றுநோய்களுக்கு இடுப்புப் பகுதியில் கதிர்வீச்சு கொடுக்கும்போது குடலும் சேர்ந்து அடி வாங்குகிறது. சிறுகுடலின் உட்பூச்சுச் செல்கள் சில நாட்களுக்கொரு முறை உதிர்ந்து புதிதாக முளைப்பவை. அவற்றை முளைக்கவைக்கும் மூலச் செல்களையே கதிர் அழித்துவிட்டால் உதிர்ந்த இடம் வெறுமையாகக் கிடக்கும். அதனால்தான் சுமார் ஐந்து வாரச் சிகிச்சையில் இரண்டாவது, மூன்றாவது வாரத்திலேயே வயிற்றுப்போக்கும் வயிற்றுப் பிடிப்பும் தலைகாட்டுகின்றன. ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி அல்ல. ஒருவர் கழிப்பறையே கதியென்று கிடப்பார். அதே அளவு கதிர் வாங்கிய இன்னொருவர் அலட்டிக்கொள்ளாமல் வந்துபோவார்.

யாருக்கு எப்படி என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கோவிங்டன் குழுவினர் 2012-இல் இதற்கு மின் மூக்கைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். அந்தக் கருவி பிறந்ததும் அங்கேதான்: 1982-இல் கிருஷ்ணா பெர்சாட், ஜார்ஜ் டாட் இருவரும் அதன் முன்மாதிரியை அறிவித்தார்கள்.

மின் மூக்கில் பல உணரிகள் வரிசையாக இருக்கும். எந்த உணரிக்கும் தனியாக ஒரு வாசனையை அடையாளம் காணத் தெரியாது. ஒரே வாயுவுக்கு ஒன்று அதிகமாகவும் இன்னொன்று குறைவாகவும் துடிக்கும். எல்லாத் துடிப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் கோலம்தான் அந்த வாசனையின் கைரேகை. மல மாதிரியிலிருந்து எழும் ஆவியை உணரிகளின்மேல் செலுத்துகிறார்கள். (முகம் சுளிக்காமல் இந்த வேலையைச் செய்ய இயந்திரம்தான் சரி.) குடலில் வாழும் பாக்டீரியாக்கள் உணவைப் புளிக்கவைக்கும்போது உண்டாகும் வாயுக்களே அந்த ஆவியில் இருப்பவை. யார் குடலில் எந்தப் பாக்டீரியா கூட்டம் என்பதைப் பொறுத்து அது மாறும்.

கடுமையாக அவதிப்பட்டவர்கள் ஏறக்குறையப் பாதி, மிகக் குறைவாக அவதிப்பட்டவர்கள் மீதி என 23 பேரின் மாதிரிகளைச் சோதித்தார்கள். சிகிச்சைக்குப் பின் எடுத்தவற்றில் வேறுபாடு தெரிந்ததில் வியப்பில்லை. புண்பட்ட குடல் வேறு மாதிரி மணக்கத்தான் செய்யும். கதிர் படும் முன்னரே எடுத்த மாதிரிகளிலும் இரு சாராரும் பிரிந்து நின்றார்கள் என்பதுதான் செய்தி.

ஆனாலும் 23 பேர் மிகக் குறைவு. அதிலும் இரு துருவங்களை மட்டும் பொறுக்கி எடுத்த சோதனை இது. நிஜ மருத்துவமனையில் நடுவாந்தரமாக அவதிப்படுபவர்களும் வருவார்கள்; அவர்களையும் பிரித்துக் காட்டினால்தான் மூக்கை நம்பலாம்.

இப்போதைக்குக் குடலைக் காக்கக் கைவசம் இருப்பது எளிய வழி. சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் அது சிறுகுடலை மேலே தள்ளி, கதிரின் பாதையிலிருந்து விலக்கிவிடும். எனவே தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னால் தட்டாதீர்கள். வயிறு இளகத் தொடங்கிய அன்றே, கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.