ஒட்டுப்பாலுக்கும் விலை உண்டு

ரப்பர் பால்மரத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது பழகிய காட்சி. மங்குக் கிண்ணத்தில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி ஸ்டோருக்குக் கொண்டுபோன பிறகும் மரத்தில் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். வெட்டிய கோட்டில் காய்ந்து ஒட்டிக்கொண்டது ஒட்டுப்பால். பிந்திச் சொட்டி மங்கிலேயே உறைந்தது கட்டிப்பால். நல்ல ஷீட்டுக்கு இரண்டும் ஆகாது. ஆனாலும் தோட்டம் இவற்றை வீசியதில்லை. அடுத்த முறை மரத்தில் கத்தி வைக்கும் முன் ஒட்டுப்பாலை உரித்துப் பையில் போட்டுக்கொள்வார்கள். தனியாக நிறுத்து, குறைந்த விலை போட்டு, ஆலையில் அரைத்துப் பழுப்பு கிரேப் ஆக்கினார்கள்.

பல பொருள்களைச் சேர்த்துப் படைக்கும் கலப்பு ஊடகக் கலையில் வேலை செய்ய விரும்பும் இளையவர்களிடம் நான் சொல்ல நினைப்பதும் இதைத்தான். கெட்டுப்போனது என்று நாம் ஒதுக்குவதில் பெரும்பகுதி வேறொரு தரம்தான். அதைத் தரம் பிரிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவே.

ஐரோப்பியரின் வரைபலகைக்கு ரப்பர் முதலில் வந்ததே பிழையைத் துடைக்கத்தான். பென்சில் கோட்டை இது நன்றாக அழிக்கிறது என்று 1770இல் ஜோசப் பிரீஸ்ட்லி தம் நூலில் குறித்து வைத்தார். அதற்கு முன் ரொட்டித் துண்டால் தேய்த்தார்கள். அப்போதைய ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839இல் சார்ல்ஸ் குட்இயரின் கையிலிருந்த கந்தகம் கலந்த ரப்பர் தவறுதலாகச் சூடான அடுப்பில் பட்டது. உருகி ஓடாமல் தோல்போல் கருகியது. அது ஏன் முக்கியம் என்று அவருக்குப் புரிந்ததற்குக் காரணம், பல ஆண்டுகளாக அந்தப் பொருளோடு அவர் மல்லுக்கட்டியதுதான். அந்த அடுப்பை விட்டுவிட்டால் 1877இல் கோலகங்சாருக்கு ரப்பர் கன்றுகள் வந்ததற்கும், பின்னால் நம் முன்னோர் பேராக் தோட்ட லயங்களுக்கு வந்ததற்கும் காரணம் சொல்ல முடியாது.

அதே பேராக்கின் தஞ்சோங் மாலிமுக்கு வருவோம். இங்கே 1922இல் தொடங்கிய சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியில், ஆசிரியராகப் பயில வந்த மலாய் இளைஞர்களுக்குக் கூடை முடைதலும் பாடமாக இருந்தது. அதற்குப் பத்து ஆண்டு முன்புதான் பாரிஸில் பிக்காசோ, நாற்காலிப் பிரம்புப் பின்னல் அச்சடித்த எண்ணெய்த்துணியை ஓவியத்தில் ஒட்டி, சுற்றிலும் கயிற்றைக் கட்டினார். கலப்பு ஊடகத்தின் தொடக்கமாக அந்தப் படத்தைக் காட்டுவது வழக்கம். பிரம்பு எங்கள் பக்கத்துக் காட்டுப் பொருள். பயிற்சிக் கல்லூரி இன்று சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமாகிவிட்டது. கலைக்கல்வி படிக்க வரும் பிள்ளைகளுக்குப் பொருள் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

கலைப்பொருள் கடையில் நீர்வண்ணத்துக்கு விற்கும் மறைப்புத் திரவத்தையே எடுத்துக்கொள்வோம். அந்தக் குட்டிப் புட்டியில் இருப்பது பெரும்பாலும் நம் ரப்பர்ப்பாலும், அது உறையாமல் இருக்க அமோனியாவும்தான். வெள்ளையாக விட வேண்டிய இடத்தில் பூசி, மேலே வண்ணம் தீட்டி, காய்ந்ததும் விரலால் உருட்டி எடுக்க வேண்டும். தூரிகையை முதலில் சோப்பில் தோய்க்காவிட்டால் மயிர் கட்டியாகிவிடும். நாள் கணக்கில் விட்டுவிட்டால் உரிக்கும்போது தாளின் மேல்தோலும் சேர்ந்து வரும். வேலை கெட்டது என்று அந்தத் தாளைக் கசக்க வேண்டாம். கிழிந்த இடத்தில் கரியைத் தேய்த்துப் பாருங்கள். நார் கரியைப் பிடித்துக்கொண்டு, மழையில் ஊறிய மரப்பட்டைபோல் ஒரு கருமை வரும். எந்தத் தூரிகையாலும் அதைப் போட முடியாது.

ரப்பர்ப்பாலில் இரண்டு சொட்டு வினிகர் விட்டால் கண்முன்னே திரியும். தோட்டத்து ஸ்டோரில் ஆசிட் ஊற்றிப் பாலை உறையவைத்த வேலையேதான் அது. திரிந்த கட்டியை அழுத்திப் பரப்பினால் மேடும் பள்ளமுமான ஒரு தோல் கிடைக்கும். ஈரத்தில் பால்வெள்ளை, காய்ந்தால் தேன்நிறம். ஆகவே உள்ளே கலந்த வண்ணமும் காயக் காய அழுத்தமாகும். இதைத் தெரிந்துகொண்டு பிழைக்கு இடம் விடுவது வேறு, தெரியாமல் கொட்டிவிட்டுக் கலை என்று பெயர் வைப்பது வேறு. இரண்டாவதை நான் ஏற்கமாட்டேன்.

மெழுகு பூசித் துணிக்குச் சாயமிடும் பத்திக்கிலும் இப்படித்தான். மெழுகு விரிசல் விட்டுச் சாயம் உள்ளே கசிந்தால் ஜாவாவின் நுண்பத்திக்கில் அது குறை. பினாங்கில் சுவா தியான் தெங் 1950களில் பத்திக்கை ஓவியமாக்கினார். சென்னையை அடுத்து 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் உருவான சோழமண்டலம் கலைஞர் கிராமமும் பத்திக் விற்ற பணத்தில் காலூன்றியதுதான். ஓவியர் கைக்கு வந்தபின் அந்த விரிசல் வேண்டி வரவழைக்கும் கோடாயிற்று.

இதில் ஒரு நட்டமும் உண்டு, மறைக்கக் கூடாது. ஈவா ஹெஸ்ஸே 1960களின் கடைசியில் ரப்பர்ப்பால் பூசிய துணியில் பெரிய சிற்பங்கள் செய்தார். 34 வயதில், 1970இல் இறந்துபோனார். ஒளியும் காற்றும் பட்டு அந்தத் துணிகள் பழுப்பேறி விறைத்தன. நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகம் அவற்றில் ஒன்றைப் பல ஆண்டுக்குப் பின் சீராக்கி 2022இல்தான் மறுபடி காட்சிக்கு வைத்தது. பால் நீடிக்காது என்று தெரிந்தேதான் ஹெஸ்ஸே அதைத் தொட்டார். நீங்களும் தெரிந்தே தொடுங்கள்: தாளின் பின்புறம் தேதி, பாலின் அளவு, எத்தனை சொட்டு வினிகர் என்று எழுதி வையுங்கள். ஒரு தாளை வெயில் படும் சுவரிலும் இன்னொன்றை அலமாரியிலும் வைத்து, அடுத்த தீபாவளிக்கு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

(தொடரும்)