கத்திக்கு முன்னால் ஓடும் செல்கள்

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றியவர் வால்டர் டாண்டி. மூளை அறுவை சிகிச்சையில் அந்தக் காலத்து ஜாம்பவான். வலது மூளையில் புற்றுக்கட்டி முற்றி, இடது கையும் காலும் விளங்காமல் போன சிலருக்குத் தான் செய்த சிகிச்சையைப் பற்றி 1928-ல் எழுதினார். கட்டியோடு நிறுத்தாமல், வலது அரைக்கோளத்தையே எடுத்திருந்தார். பாதி மூளை போன பிறகும் புற்று திரும்பி வந்தது.

கிளையோபிளாஸ்டோமா போன்ற மூளைப் புற்றுகளின் சுபாவம் அது. வேறு பல புற்றுகள் ரத்தத்தில் ஏறி நுரையீரல், ஈரல் என்று பரவும். இது மூளையை விட்டு வெளியேறுவது அபூர்வம். நரம்பிழைகளின் ஓரமாகவும் ரத்தக்குழாய்களின் வெளிச்சுவரை ஒட்டியும் உள்ளுக்குள்ளேயே ஊர்ந்து போகும். அகற்றிய பின் மறுபடி முளைக்கும் கட்டி பெரும்பாலும் பழைய இடத்தின் விளிம்பிலிருந்து 2 செ.மீ. தூரத்துக்குள்தான் தலைகாட்டுகிறது. ஆனால் ஸ்கேனில் தெரியாத சில செல்கள் அதையும் தாண்டிப் போயிருக்கும்.

அந்த ஊர்தலைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். செல் முதலில் ஒரு மெல்லிய நீட்சியை முன்னே விட்டுப் பிடிமானம் தேடுகிறது. சிக்கல் அதற்குப் பிறகுதான். மூளைத் திசுவின் இடுக்குகள் பல, செல்லின் உட்கருவைவிடக் குறுகலானவை. மயோசின் என்ற புரதம் பின்னாலிருந்து நெருக்கி, உட்கருவைப் பிதுக்கி முன்னே தள்ளுகிறது. நம் தசைகளைச் சுருக்குவதும் இதே குடும்பத்துப் புரதம்தான். அதுவும் போதாதென்று, செல் தன்னிடமுள்ள குளோரைடு அயனிகளை வெளியே விடுகிறது. கூடவே நீரும் வடிந்து செல் சுருங்குகிறது. கொடிய நோய்தான். இருந்தாலும் இதை நுண்ணோக்கியில் நேரில் பார்த்தவர்கள் மீது எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.

சரி, நடக்கச் சொல்லி உத்தரவு போடுவது யார்? வளர்ச்சிக் காரணிகள். உயிர்வேதியியலாளர் ஸ்டான்லி கோஹன் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றைப் பச்சிளம் எலிக்குட்டிகளுக்குச் செலுத்தியபோது, இரண்டு வாரம் கழித்துத் திறக்க வேண்டிய கண்கள் ஒரே வாரத்தில் திறந்துகொண்டன. அதிலிருந்து கிடைத்ததுதான் இஜிஎஃப் என்ற காரணி. 1986-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கும் வந்தது. கிளையோபிளாஸ்டோமாக்களில் ஏறக்குறைய பாதியில், இஜிஎஃப் வந்து ஒட்டும் செல்புரதமான ஏற்பியின் மரபணு பல பிரதிகளாகப் பெருகியிருக்கிறது. சிலவற்றில் ஏற்பியின் வெளிப்பகுதியில் ஒரு துண்டு காணாமல் போய், காரணி வராமலேயே சமிக்ஞை ஓயாமல் ஓடுகிறது. அந்தச் சமிக்ஞையின் ஒரு கிளை செல்லைப் பெருகச் சொல்லும். இன்னொன்று செல்லின் உட்சட்டமான ஆக்டின் இழைகளைக் கலைத்துக் கோத்து நகரச் சொல்லும். புண் ஆறும்போது தோல் செல்கள் நகர்வதும் இதே வழியில்தான். மூளைக்குக் காவலாக இருக்க வேண்டிய மைக்ரோகிளியா செல்களே இஜிஎஃப் சுரந்து புற்றுக்கு வழிவிடுவதுதான் வேதனை.

இன்னொரு காரணி எச்ஜிஎஃப். ஈரல் செல்களை வளர்க்கும் பொருள் ஒன்றும், ஒட்டிக்கிடக்கும் செல்களைச் சிதறடிக்கும் பொருள் ஒன்றும் 1980-களில் தனித்தனியாகக் கண்டுபிடிக்கப்பட்டன. இரண்டும் ஒன்றேதான் என்று பிறகு தெரிந்தது. அதன் ஏற்பிக்குப் பெயர் மெட்.

இந்த மெட்தான் ஒரு பெரிய நம்பிக்கையைக் கெடுத்தது. புதிய ரத்தக்குழாய்களை வளர்க்கும் விஇஜிஎஃப் காரணியை அடைத்தால் கட்டி பட்டினியில் வாடும் என்பது பெவாசிஸுமாப் மருந்தின் கணக்கு. மூளைப் புற்றுக்கு அமெரிக்காவில் 2009-ல் அனுமதி கிடைத்தது. ஸ்கேனில் கட்டி சுருங்கியதுபோலவும் தெரிந்தது. குழாய்க் கசிவு நின்றால், கட்டி சுருங்காவிட்டாலும் படம் அப்படித்தான் தெரியும் என்பது வேறு விஷயம். 2014-ல் இரண்டு பெரிய சோதனைகளின் முடிவு வந்தது: புதிதாக நோய் கண்டவர்களுக்கு ஆயுள் கூடவில்லை. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே எலிகளில் செய்த ஆய்வு ஒரு காரணம் சொல்லியிருந்தது. விஇஜிஎஃப் தன் ஏற்பி வழியாக மெட்டை அடக்கி வைத்திருக்கிறது. விஇஜிஎஃப்பை அடைத்ததும் மெட் விடுபட்டு, செல்கள் இன்னும் வேகமாக ஊடுருவுகின்றன.

மெட்டையும் சேர்த்து அடைத்தால்? ஒனார்டுசுமாப் என்ற மருந்தை பெவாசிஸுமாபோடு சேர்த்துப் பார்த்தார்கள். 2017-ல் வெளியான முடிவில் கூடுதல் பலன் தென்படவில்லை. ஆனால் யாருடைய கட்டி மெட்டை நம்பி ஓடுகிறது என்று பிரித்துப் பார்த்து அந்தச் சோதனைக்கு ஆள் எடுக்கவில்லை. அப்படிப் பிரிக்காமல் அடுத்த மருந்தைக் கொடுத்தாலும் இதே முடிவுதான் வரும் என்று எனக்குத் தோன்றுகிறது.