கிணற்றில் இறங்கும் முன் வாயுவைச் சோதியுங்கள்

பாளையங்கால்வாய்த் தண்ணீர் எட்டாத மேட்டு நிலங்களில் விவசாயிகளுக்குக் கிணறே கதி. கோடையில் நீர் வற்றியதும் தூர் எடுக்கவும் ஆழப்படுத்தவும் ஆட்களை இறக்குகிறோம். ஊறும் நீரை இறைக்க ஆயில் என்ஜினைக் கிணற்றுக்குள்ளேயே வைத்து ஓட்டுவதும் உண்டு. ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

என்ஜின் புகையிலும் வெடி வைத்த புகையிலும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உள்ளது. இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் பிராணவாயு சேர வேண்டிய இடத்தில், அதைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக இது ஒட்டிக்கொள்ளும். ஏறி வர நினைக்கும்போது கைகால்கள் ஒத்துழைக்கா.

விளக்கு போதாது

அரிக்கேன் விளக்கை இறக்கி, அணையாவிட்டால் இறங்குவது பழைய வழக்கம். காற்றில் 21 சதவீதம் இருக்க வேண்டிய பிராணவாயு மிகவும் குறைந்தால்தான் விளக்கு அணையும். ஆயிரம் பங்கு காற்றில் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடு கலந்தாலே உயிருக்கு ஆபத்து. அந்தக் காற்றிலும் விளக்கு நன்றாகவே எரியும். எரியக்கூடிய வாயு இருந்தாலோ விளக்கே தீ விபத்தை உண்டாக்கும்.

நானோ உணரி

சூடாக்கிய துத்தநாக ஆக்சைடின் மேல் காற்றிலுள்ள பிராணவாயு படிந்து மின்னோட்டத்தைத் தடுக்கும். கார்பன் மோனாக்சைடு பட்டால் அந்தப் பிராணவாயு நீங்கி, மின்சாரம் எளிதில் ஓடும். இம்மாற்றத்தை அளந்தே வாயுவின் அளவை அறிகிறோம். வேலை நடப்பது மேற்பரப்பில். கட்டி வெல்லத்தைவிடத் தூள் வெல்லம் விரைவில் கரைவதுபோல, பொருள் நுண்ணியதானால் மேற்பரப்பு பெருகி, உணர்வும் கூடும்.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் நவகாந்த பட் குழுவினர், இந்த ஆக்சைடைத் தேன்கூடு போன்ற நானோ அமைப்பில் உருவாக்கி, கார்பன் மோனாக்சைடை நுட்பமாகக் கண்டறியும் உணரியை 2017-இல் அறிவித்தனர். உணரி சிறிதாகும்போது அதைச் சூடாக்கும் மின்சாரமும் குறையும்.

இன்று செய்ய வேண்டியவை

பிராணவாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு, எரியும் வாயு ஆகிய நான்கையும் காட்டும் கைக்கருவிகள் இப்போதே விற்பனையில் உள்ளன. தனியே வாங்க இயலாதவர்கள் பலர் சேர்ந்து ஒன்று வாங்கலாம்.

1. என்ஜினைக் கிணற்றுக்குள் ஓட்டாதீர்கள்.

2. கருவியைக் கயிற்றில் கட்டி, மேல், நடு, அடி ஆகிய மூன்று இடங்களிலும் சோதியுங்கள். வேலை முடியும்வரை கருவி ஆளுடன் இருக்கட்டும்.

3. கருவி எச்சரித்தால் ஊதுவிசிறியால் புதுக்காற்றை அடிவரை செலுத்தி, மறுபடி சோதித்த பின்பே இறங்குங்கள்.

4. இறங்குபவர் இடுப்பில் கயிறு கட்டி, மேலே இருவர் நில்லுங்கள்.

5. உள்ளே ஒருவர் மயங்கினால் பின்னாலேயே இறங்காதீர்கள். கயிற்றால் மேலே இழுங்கள். தீயணைப்புத் துறையை 101-இல் அழையுங்கள். காப்பாற்ற இறங்குபவரையும் அதே வாயு சாய்த்துவிடும்.