ஆண் மறைந்த இரண்டு மணி நேரத்தில்

தூத்துக்குடியில் நல்ல விலை போகும் களவா மீன்களில் பெரும்பாலான இனங்கள் பெண்ணாகவே வாழ்வைத் தொடங்குகின்றன. சில ஆண்டுகள் முட்டையிட்டு உடல் பெருத்த பிறகு, அவற்றில் சில ஆணாக மாறுகின்றன. வான் தீவு, காசுவார் தீவு போன்ற மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிய பவளப்பாறைகளில் மேயும் கிளிமீன்களிலும் இம்மாற்றம் பரவலாக உண்டு. மாற்றத்தை நடத்தி முடிப்பவை ஸ்டீராய்டு ஹார்மோன்கள். தொடங்கி வைப்பது மூளை.

பிற மீன்களின் உடலில் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்னும் சிறுமீன் ஒன்று மன்னார் வளைகுடாவிலும் உண்டு. ஓர் ஆணும் சில பெண்களுமாக அது கூடி வாழும். ஆஸ்திரேலியப் பவளத்திட்டில் இந்த மீனை ஆராய்ந்த ராபர்ட்சன் 1972இல் தம் முடிவுகளை வெளியிட்டார். ஆண் மறைந்த இரண்டு மணி நேரத்துக்குள் கூட்டத்தின் பெரிய பெண், ஆணைப் போலவே மற்றவற்றை விரட்டி அதட்டத் தொடங்கியது. சில நாளில் பெண்களோடு இணை சேர முற்பட்டது. விந்து வரவோ இரண்டு வாரம் பிடித்தது.

விந்தகமே உருவாகாதபோது ஆண் நடத்தை எப்படி வந்தது? கரீபியக் கடலின் நீலத்தலை மீனில் ஜான் காட்வின் குழு 1996இல் இதற்கு விடை கண்டது. சூலகத்தை அகற்றிய பிறகும் பெரிய பெண் ஆணாக நடந்துகொண்டது. ஆணுக்குரிய நிறம் மட்டும் வரவில்லை. நிறத்துக்கு 11-கீட்டோடெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் வேண்டும். நடத்தை மாறத் தொடங்குவதற்குப் பாலுறுப்பின் ஹார்மோன் வேண்டியதில்லை.

மாற்றத்தை நடத்தி முடிக்கும் ஸ்டீராய்டுகள் கொலஸ்ட்ராலிலிருந்து உருவாகுபவை. கொழுப்பில் கரைவதால் மூளையின் காப்புச் சுவரையும் நரம்புச் செல்லின் சவ்வையும் எளிதில் கடக்கின்றன. உள்ளே தமக்குரிய ஏற்பியோடு இணைந்து மரபணுக்களை இயக்குகின்றன அல்லது அடக்குகின்றன. இதன் விளைவு தெரியச் சில மணி நேரமோ நாட்களோ ஆகும். சவ்வில் உள்ள ஏற்பிகள் வழியாகச் சில நிமிடங்களிலேயே செயல்படும் பாதையும் உண்டு. எலும்பு மீன்களின் மூளைக்கு இன்னொரு சிறப்பும் இருக்கிறது. டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ராடையோலாக மாற்றும் அரோமட்டேஸ் நொதி, பாலூட்டிகளின் மூளையைவிட அங்கே பல நூறு மடங்கு வீரியத்தோடு இயங்குகிறது. பெண்ணாக இருப்பதற்கும் ஆணாகத் திரும்புவதற்கும் இந்த நொதியின் ஏற்ற இறக்கம் ஒரு முக்கியக் காரணம். பெரிய ஆண் கண்ணில் படாமல் போவதே அந்த ஏற்ற இறக்கத்தைத் தூண்டிவிடுகிறது என்பது உண்மையிலேயே வியப்புக்குரியது.

இந்தப் பால்மாற்றத்தால் களவாவில் பெரியவையே ஆண்கள். பெரிய மீனையே குறிவைத்துப் பிடித்தால் ஆண்கள் முதலில் தீர்ந்துபோகும். எஞ்சிய பெண்கள் மாறுவதற்குக் காலம் வேண்டும். மெக்சிகோ வளைகுடாவின் ஒருவகைக் களவாவில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காக இருந்த ஆண்கள், மிகைப் பிடிப்பால் சில சதவீதமாகச் சரிந்தன. தமிழகக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நடைமுறையில் இருக்கும் மீன்பிடித் தடைக்காலம் பிடிக்கும் நாளைக் குறைக்கிறதே தவிர, பிடிபடும் மீனின் அளவைப் பார்ப்பதில்லை. மன்னார் வளைகுடாக் களவாவுக்குக் குஞ்சுகளைக் காக்கும் கீழ் அளவு மட்டும் போதாது, பெரிய ஆண்களைக் காக்கும் மேல் அளவும் வேண்டும்.